ஆடித் தள்ளுபடிக்கு முன் எழுத வேண்டிய முழு விலைச் சீட்டு

ஆனி முடியும் முன்பே மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் துணிக்கடை வாசலில் ஆடித் தள்ளுபடி பேனர் ஏறிவிடும். புதுச்சேரி நேரு வீதியிலும் அதே காட்சிதான். ஆடியில் தொடங்கினால் ஆயுத பூஜை, தீபாவளி போனஸ், பொங்கல் என்று ஆறு மாதம் வாங்குகிற காலம். கணக்குப் போட நினைக்கும் குடும்பம் அதற்கு முன்பே ஒரு நோட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். கடைக்குள் நுழைந்தபின் போடுகிற கணக்கு நிற்காது. அங்கே ஏசி ஓடுகிறது, விற்பவர் நாற்காலி எடுத்துப் போடுகிறார், பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

அந்த நோட்டை எழுதும் முறையைத்தான் கீழே சொல்கிறோம். பேராசை கெட்டது என்பது யாருக்கும் தெரியாத செய்தி இல்லை. தெரிந்தும் வாங்கிக் குவிப்பதற்குப் பெரிய காரணம், பொருளின் முழு விலை ஒருபோதும் கண்ணில் படுவதில்லை. அட்டையில் அச்சிட்டிருப்பது கடையில் கொடுக்க வேண்டிய பங்கு. மீதியை அடுத்த பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுக்கிறது, நெய்வேலியின் நிலத்தடி நீர் கொடுக்கிறது, உப்பனாற்றங்கரையில் குடியிருப்பவர்கள் கொடுக்கிறார்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் உருவாகும் வேதிப்பொருள்கள் சாயமாகவும் மருந்தாகவும் பூச்சிக்கொல்லியாகவும் நாடு முழுக்கப் போகின்றன. நாற்றமும் கழிவும் குடிகாட்டிலும் பச்சையாங்குப்பத்திலும் தங்கிவிடுகின்றன. 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்பகுதிகளை 100க்கு மதிப்பிட்டபோது கடலூருக்கு வந்தது 77.45. 70ஐத் தாண்டினாலே மிக மோசமாக மாசுபட்ட இடம் என்று பொருள். மலிவு விலைச் சட்டையின் பளிச்சென்ற நிறத்துக்கு யாரோ ஓர் ஊரார் இப்படித்தான் பாக்கி கட்டுகிறார்கள்.

சீட்டில் என்னென்ன எழுதுவது

2,000 ரூபாய்க்கு மேல் போகும் எந்தப் பொருளுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அந்தப் பக்கம்தான் சீட்டு. மேலே பொருளின் பெயர், எழுதிய தேதி. கீழே ஆறு வரி:

1. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை.
2. தவணையில் வாங்கினால் கடைசி ரூபாய் வரை மொத்தம் எவ்வளவு.
3. ஆண்டுக்கு எத்தனை யூனிட் கரண்ட் இழுக்கும், என்ன உதிரி மாற்ற வேண்டும்.
4. பழுதானால் ஊரில் யார் பார்ப்பார், உதிரி கிடைக்குமா.
5. வீட்டில் இப்போது இருக்கும் பழசு எங்கே போகும்.
6. இதை யாரிடமாவது இரவல் வாங்க முடியுமா.

எழுதியபின் ஓர் அமாவாசை தாண்டட்டும். அதற்கு முன் வாங்குவதில்லை என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் மறுவாரமே நோட்டு பரணுக்குப் போய்விடும். குடும்பத் தலைவர் போன் வாங்கும்போது சீட்டு இல்லை, மனைவி கிரைண்டர் கேட்கும்போது மட்டும் சீட்டு என்றால் அது கணக்கில்லை, அதிகாரம். பள்ளி திறக்கும் மாதத்துச் செலவு, மருந்து, தொழிலுக்கான கருவி ஆகியவற்றுக்குக் காத்திருப்பு வேண்டாம். சீட்டு மட்டும் எழுதினால் போதும்.

ஆறு வரியில் இரண்டாவதும் நான்காவதும்தான் அதிக வேலை வாங்கும்.

இரண்டாவது வரி: தவணையின் உண்மை வட்டி

கடையில் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "அண்ணே, தவணை வேண்டாம், இப்பவே முழுசா ரொக்கமா கட்டுறேன். எவ்வளவு குறைப்பீங்க?" குறைக்கிற தொகை எதுவாயினும், வட்டியில்லாத் தவணையில் ஒளிந்திருக்கும் வட்டி அதுதான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வட்டி பொருளின் விலைக்குள் இருக்கும், அல்லது செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் வரும்.

அடுத்தது நேர் வட்டி. 24,000 ரூபாய் ஃபிரிட்ஜ், 12 மாதம், வட்டி 12 சதவீதம் என்கிறார்கள். வட்டி 2,880, ஆக மொத்தம் 26,880, மாதம் 2,240. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 24,000 ரூபாய் உங்களிடம் முழு ஆண்டும் இருக்கவில்லை. மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், வட்டியை மட்டும் முழு அசலுக்கும் முழு ஆண்டுக்கும் போட்டிருக்கிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். முன்கூட்டி 500 ரூபாய் செயலாக்கக் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், அதாவது 590 ரூபாய் பிடித்தால் அதே கடன் 26.3 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. 590 ரூபாய்தானே என்று விட்டுவிடுகிற இடத்தில் கிட்டத்தட்ட 5 சதவீதம் போய்விடுகிறது.

கையால் போட ஒரு குறுக்கு வழி உண்டு. 12 மாதத் தவணை என்றால் சொன்ன வட்டியை 1.8ஆல் பெருக்குங்கள். வரும் விடை உண்மைக்கு மிக அருகில் இருக்கும், ஒரு சதவீதம் முன்னே பின்னே.

இதைவிட நல்லது, எழுத்தில் கேட்பது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபர் கடனுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கையில் தர வேண்டும். கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு சதவீத விகிதம் அதில் இருக்க வேண்டும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள். "அதெல்லாம் ஆப்பில் வரும், முதல்ல ஓடிபி சொல்லுங்க" என்றால் ஓடிபி சொல்லாதீர்கள். ஓடிபி சொன்னபின் படிக்கும் அறிக்கையால் பயனில்லை.

இப்போது அதே 2,000 சொச்சத்தை மாறாகப் போட்டுப் பாருங்கள். மாதம் 2,000 ரூபாய் வங்கியில் 12 மாத ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு), வட்டி 6.5 சதவீதம் என்று வைத்தால் முடிவில் கைக்கு வருவது 24,800 ரூபாய்க்குச் சற்று மேல். ஃபிரிட்ஜ் வாங்கியபின்னும் 800 ரூபாய் மிஞ்சும். தவணைக்காரர் கட்டணத்தோடு 27,470 கட்டியிருப்பார். ஒரே ஃபிரிட்ஜ், இருவருக்கும் நடுவே ஏறத்தாழ 4,300 ரூபாய் வித்தியாசம். ஓராண்டு பொறுத்ததற்குக் கிடைத்த கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்டல் கடனை மட்டும் பொருள் வாங்க எடுக்கவே கூடாது. 10,000 ரூபாய் என்று எழுதி 8,500ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பது வழக்கமான ஏற்பாடு. நாளுக்கு நூறுதானே என்று தோன்றும். ஆண்டு வட்டியாக்கினால் 120 சதவீதம் வரும். மார்க்கெட்டில் காய்கறிக் கூடை வைப்பவர் காலையில் சரக்கெடுக்கத் தண்டல் வாங்குவது வேறு, அந்தச் சரக்கு அன்றே விற்றுப் பணமாகிறது. டிவி அப்படிப் பணமாவதில்லை. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவதும் கொடியதுதான்: மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி தனி.

எல்லாத் தவணையும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் அளவுகோல். நிறுவனங்கள் பாதி வரைக்கும்கூடக் கடன் கொடுக்கத் தயாராக இருக்கும். அவர்களுக்கு வசூல் ஆட்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு வாடகையும் பள்ளிக் கட்டணமும் இருக்கின்றன. ஒரு தவணை தவறினால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்தவர் மறுபக்கம், இரண்டு அபராதம். நம் கடற்கரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2015 நவம்பரில் கடலூரை மூழ்கடித்த வெள்ளத்தையும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும், அதன்பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் இருந்த வாஷிங் மெஷினைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும், அதன் தவணையை எடுத்துக்கொள்ளாது.

நகைச் சேமிப்புத் திட்டம் பற்றிச் சுருக்கமாக. 11 மாதம் நீங்கள் கட்டினால் 12ஆம் மாதம் கடை கட்டும் என்பதில் இரண்டைப் பார்க்க வேண்டும். வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, நகைக்கடைச் சீட்டுக்கு அது கிடையாது. அடுத்தது சேதாரம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் நகைக்கு 15 சதவீதச் சேதாரம் என்றால் 1.2 கிராம் தங்கத்தின் விலையைக் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். திரும்ப விற்கும்போது எடை போடுவது 8 கிராமுக்கு மட்டும். இலவசமாகக் கிடைத்த ஒரு மாதத் தவணையை இந்தச் சேதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் சேருங்கள். நகையில் ஆறு எழுத்து எண் கொண்ட ஹால்மார்க் அடையாளம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி கேட்டுப் பாருங்கள், 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

மூன்றாவது வரி: ஓடுகிற செலவு

வாட்டை மணியால் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் யூனிட். 75 வாட் பழைய ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் அதே வேலைக்கு 22 யூனிட் கூட எடுக்காது. செட்டாப் பாக்ஸ் 10 வாட் என்றாலும் ஸ்விட்சை அணைக்காவிட்டால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் தின்றுவிடும், யாரும் பார்க்காமலே.

கரண்டுக்குப் பணம் தவிர வேறு விலையும் இருக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ எரிக்க வேண்டும். அந்தக் கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. ஒரு காலத்தில் துளை போட்டால் மோட்டார் இல்லாமலே பீறிட்டு வந்த நீர். அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் வெடிக்காமல் இருக்கும். சுற்றியுள்ள கிராமங்களில் நீர்மட்டம் கீழே போவதற்கு அது ஒரு காரணம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கப் பணிக்காகக் கதிர் வந்த நெல்வயலில் பொக்லைன் இறங்கியதை மாநிலமே பார்த்தது. சீட்டின் மூன்றாவது வரியில் யூனிட்டை எழுதும்போது பக்கத்திலேயே அதே எண்ணைக் கிலோ என்றும் எழுதுங்கள். இரவு முழுக்க ஓடும் ஒன்றரை டன் ஏசிக்கு 7 யூனிட் என்றால் 7 கிலோ கரி, ஓர் இரவுக்கு.

அதற்காக ஓடுகிற ஃபேனையெல்லாம் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுவதும் தவறு. நாளுக்கு 15 மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரே ஃபேனை முதலில் மாற்றுங்கள், பெரும்பாலும் அது கூடத்து ஃபேன். விருந்தினர் அறை ஃபேன் மோட்டார் போகும் வரை ஓடட்டும். கடலூரில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ் அடுக்கில் கிடைத்த சலுகையும் குறைகிறது. ஆகவே புதுப் பொருள் உங்களை 480லிருந்து 520க்குத் தள்ளுமா என்று பழைய பில்லை வைத்துப் பாருங்கள்.

நான்காவது வரி: பழுது

இங்கேதான் ஆசை நம்மை எளிதாக ஏமாற்றுகிறது. பொருள் நின்றதும் "இதுக்கு வயசாச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பாதிக்கு மேல் சின்னக் கோளாறாகவே இருக்கும்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, ஐந்தில் வைத்தாலும் இரண்டில் ஓடுவதுபோல் இருக்கிறது, கையால் தள்ளினால்தான் கிளம்புகிறது என்றால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் கண்டன்சரைப் பாருங்கள். பெரும்பாலான கூரை ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட். உள்ளே வலு குறைந்து 1.5க்கு வந்துவிட்டால் வேகம் விழும். விலை இரண்டு டீ, வடைக் காசுதான். மெயினை அணைத்தபின்தான் ஏற வேண்டும், அணைத்தபின்னும் கண்டன்சர் முனையை விரலால் தொடக் கூடாது. பழக்கமில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் புது ஃபேனைப் பரிந்துரைத்தால் "கண்டன்சர மாத்திப் பாத்துட்டீங்களா தம்பி?" என்று கேளுங்கள்.

மிக்சி திடீரென நின்றால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே வந்திருக்கும். சுமை அதிகமானதால் தானே துண்டித்துக்கொண்டிருக்கிறது. ஜாரைப் பாதி காலி செய்து, 15 நிமிடம் ஆறவிட்டு, பொத்தானை அழுத்துங்கள். மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கிறது. பல மாடல்களில் அதன் மரை வழக்கத்துக்கு மாறாகத் திரும்பும் என்பதால் கழற்றும்போது முரட்டுத்தனம் வேண்டாம். ஜாரின் அடியில் கறுப்புத் தண்ணீர் கசிந்தால் பிளேடு அச்சைத் தாங்கும் புஷ் போய்விட்டது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். கசிகிற உப்பும் புளியும் மோட்டாருக்குள் இறங்கினால்தான் மிக்சி உண்மையாகவே சாகும். புஷ் மாற்றச் சோம்பியவர்கள்தான் தீபாவளிக்குப் புது மிக்சி வாங்குகிறார்கள்.

குக்கரில் பக்கவாட்டில் ஆவி வந்தால் கேஸ்கெட். உபயோகித்ததும் கழற்றிக் குளிர்ந்த நீரில் போட்டு வைத்தால் நாள்பட உழைக்கும். சேஃப்டி வால்வு மட்டும் அந்தந்தக் கம்பெனியின் அசல் உதிரியாக இருக்க வேண்டும், இதில் மலிவு பார்ப்பது உயிருக்கு விலை வைப்பதாகும்.

ஃபிரிட்ஜ் குளிரவில்லையா? பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது. சோப்பு நீரால் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தால் பல நேரம் மறுபடி படிந்துகொள்ளும்.

கடற்கரையிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கிற வீடுகளுக்கு, தேவனாம்பட்டினம், தாழங்குடா, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் இருப்பவர்களுக்கு, உப்புக் காற்றுதான் முதல் எதிரி. ஏசியின் வெளிப்பெட்டி அரித்துப் போகக் காரணம் கம்பிகளில் படியும் உப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கரண்டை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிட வேண்டும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் தெருக்களில் அதால் கழுவாதீர்கள். அதே உவர்நீர் வாஷிங் மெஷின் நுழைவுக் குழாயில் இருக்கும் சிறு வலைச் சல்லடையை அடைக்கும். தண்ணீர் மெல்ல ஏறினால் அதைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும்.

பழுதா, புதிதா என்று முடிவெடுக்க: செலவு புதுவிலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் யோசிக்காமல் பழுது பாருங்கள். பாதியைத் தாண்டினால், அதுவும் மோட்டாரோ கம்பிரசரோ போயிருந்தால், புதிது பற்றிப் பேசலாம். நடுவில் இருப்பது பொருளின் வயதைப் பொறுத்தது. மாற்றிய பழைய உதிரியைக் கேட்டு வாங்குங்கள், தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பொருளுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். புதிதாக வாங்கும்போதும் "இதுக்கு உதிரி இங்க யாரு வெச்சிருக்கா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டபின் மாடலைத் தேர்ந்தெடுங்கள். மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கியிருக்கிறது. கம்பெனிகளின் சேவை விவரங்கள் அதில் உண்டு. உதிரி தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லலாம். மெக்கானிக்குக் கொடுத்த 600 ரூபாய் அன்று மாலையே அதே தெருவின் மளிகைக் கடைக்குப் போகும் என்பதையும் இந்த வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

துணிக்குத் தனிச் சீட்டு வேண்டாம். விலையை எத்தனை முறை உடுத்துவோம் என்பதால் வகுத்தால் போதும். 15 தடவையில் வெளுக்கும் 400 ரூபாய்ச் சட்டை ஒரு தடவைக்கு 27 ரூபாய். 90 தடவை தாங்கும் 900 ரூபாய்ச் சட்டை 10 ரூபாய். வாங்கும் முன் துணியை வெளிச்சத்தில் பிடித்து நெருக்கம் பாருங்கள், தையலை இரு பக்கமும் இழுங்கள், நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வைத்துவிடுங்கள். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐந்தாவது வரி: பழசு எங்கே போகும்

எக்ஸ்சேஞ்ச் விலையை நம்பும் முன், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்று தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய டிவிக்குக் கிடைக்கும் உண்மைத் தொகை. மெக்கானிக் அதற்கு மேல் கொடுப்பார் என்றால் அவரிடமே விடுங்கள், உதிரிக்காவது உதவும். பழைய இரும்புக்காரரிடம் வயரும் மின்பலகையும் போனால் செம்புக்காக எரிக்கப்படலாம். அந்தப் புகையில் டையாக்சின் இருக்கிறது, எரிப்பவரின் பிள்ளைகள்தான் முதலில் சுவாசிப்பார்கள். பழைய போன், பேட்டரி, டியூப்லைட் மூன்றையும் ஒரு டப்பாவில் தனியாகச் சேர்த்து, மின்கழிவு வாங்க அனுமதி பெற்ற இடத்துக்கோ தயாரித்த கம்பெனியின் சேகரிப்பு மையத்துக்கோ கொடுங்கள். டியூப்லைட்டில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல் வையுங்கள். குப்பையோடு போனால் புதுச்சேரியின் குருமாம்பேட் போன்ற குப்பைக் கிடங்கில் மக்காமல் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் கெடிலமும் உப்பனாறும் அடித்துக்கொண்டு போவது கடலுக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட ஏறும் அதே கரைக்கு அது திரும்பி வரும்.

ஆறாவது வரி: இரவல்

முன்பு ஒரு தெருவுக்கு அண்டா, ஜமக்காளம், ஏணி எல்லாம் ஒரு வீட்டில் இருக்கும். இன்று இருபது வீட்டில் இருபது டிரில்லிங் மெஷின், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு அரை மணி நேரம் ஓடுகிறது. இதை மாற்றுவது கடினமே இல்லை. இருபது வீடு தலைக்கு 400 ரூபாய் போட்டால் 8,000. அதில் டிரில்லிங் மெஷின், மடக்கு ஏணி, பெரிய அண்டா இரண்டு வாங்கலாம். மகளிர் சுயஉதவிக் குழு இருக்கும் தெருவில் கணக்கு எழுதப் பழகியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்களிடமே பொறுப்பைக் கொடுங்கள்.

இது கெடுவது மூன்று இடத்தில். எடுத்தவர் திருப்பித் தராதபோது: மூன்று நாள் கெடு, அதற்குமேல் நாளுக்கு 20 ரூபாய், ஆள் யாராயினும். உடையும்போது: டிரில் முனை எடுத்தவர் செலவு, மோட்டார் பொதுச் செலவு என்று முதல் நாளே நோட்டில் எழுதிவிடுங்கள். வைத்திருக்கும் வீட்டார் சலித்துப்போகும்போது: மூன்று மாதத்துக்கு ஒரு வீடு என்று சுற்றில் விடுங்கள். கல்யாணச் சீர்வரிசையும் இந்த வரிக்குள்தான் வருகிறது. இரு வீட்டிலும் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் இருக்க, மூன்றாவதைக் கடன் வாங்கிக் கொடுக்கும் பெண் வீட்டார் எத்தனையோ பேர். பேச்சு நடக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார்தான் "பொருள் எதுவும் வேண்டாம்" என்று முதலில் சொல்ல வேண்டும். பெண்ணின் அப்பாவால் அதைச் சொல்ல முடியாது.

சீட்டு எழுத முடியாதவை

மீனுக்கு ஓர் அமாவாசை காத்திருக்க முடியாது. ஆனால் பேராசை ஓர் ஊரை எப்படிப் பிளக்கும் என்பதை மீன்போல் காட்டும் பொருள் கடலூரில் வேறில்லை. சுருக்குமடி வலை கூட்டத்தையே வளைத்து அள்ளும், குஞ்சு, பெரிசு பார்க்காது. தமிழ்நாடு 2000ல் அதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் என்று நிபந்தனையோடு விட்டது. வலை வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே குப்பங்களில் மூண்ட பகை பல ஆண்டுக் கதை. வாங்குபவர் செய்யக் கூடியது இது: கையளவு வஞ்சிரக் குஞ்சையும் சங்கராக் குஞ்சையும் மலிவு என்று வாங்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அப்போது ஃபைபர் படகுக்காரர் கொண்டுவரும் மீனை விலை கூடினாலும் பேரம் பேசாமல் வாங்குங்கள், அல்லது கருவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போனில் வாங்குவது இன்னொன்று. ஷாப்பிங் ஆப்பில் சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள், அறிவிப்பை அணையுங்கள், பணத்தைக் கையில் கொடுக்கும் முறைக்கு மாறுங்கள். "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்ற பொய் அவசரமும், கேட்காமல் கூடையில் சேர்க்கும் காப்பீடும், கடைசிப் பக்கத்தில் மட்டும் முளைக்கும் கட்டணமும் 2023 நவம்பர் 30ல் அரசு பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளுக்குள் வருகின்றன. திரையைப் படம் பிடித்து 1915ல் புகார் கொடுக்கலாம்.

போகியன்று நோட்டை எடுங்கள். ஆனியிலிருந்து எழுதிய சீட்டுகளை மூன்றாகப் பிரியுங்கள்: வாங்கியவை, அமாவாசைக்குப் பின் ஆசை போனவை, பழுது பார்த்தோ இரவலிலோ தீர்ந்தவை. வாங்கியவற்றின் பின்பக்கத்தில் கடந்த ஒரு மாதத்தில் எத்தனை நாள் பயன்பட்டது என்று எழுதுங்கள். நான்கு நாளுக்குக் குறைவு என்றால் அந்தப் பொருள் இந்த மாதமே வேறு வீட்டுக்குப் போகட்டும், கேட்பவர் இருக்கும்போது. டயர், மெத்தை, நைலான் துணி எதையும் தெருவில் கொளுத்தாதீர்கள். ஆசை போனவற்றின் ரொக்க விலையைக் கூட்டி வரும் தொகையை ஆர்டி பக்கத்தின் தலைப்பில் எழுதிவிட்டு, அடுத்த ஆனிக்குப் புதுப் பக்கம் திருப்புங்கள்.